ஒரே தாளில் மூன்று ஆண்டுகள்

பேருந்துப் பயணிகள் ஒப்பீட்டு இயக்ககம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. ஒப்பிடுவது மட்டுமே அதற்கு வேலை. போன வருடம் இந்தத் தடத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், இந்த வருடம் எத்தனை பேர் ஏறினார்கள், கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். குறைந்திருந்தால் அந்தத் தடத்துப் பேருந்தை நிறுத்திவிடுவார்கள். இந்த ஒரு வேலைக்கு நாற்பத்து மூன்று பேர், ஐந்து மாடி, ஒரு லிஃப்ட். லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றுவிடும் என்பதால் மேலே உள்ள இரண்டு மாடிகளில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

இயக்ககத்துக்கு ஒரு பெருமை உண்டு. தொடங்கிய நாள் முதல் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் எண்ணிக்கையை அது ஒரே தாளில் போட்டதே கிடையாது. கடைசி மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் அதிகாரி, அறைச் சுவரில் அந்த ஆண்டின் வரைபடங்கள், தடத்துக்கு ஒன்று வீதம். ஓர் ஆண்டின் எண்ணிக்கை இன்னோர் ஆண்டின் அறைக்குள் போனால் கலந்துவிடும் என்று விதிமுறைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. கலந்தால் என்ன ஆகும் என்று எழுதவில்லை.

பிறகு எப்படித்தான் ஒப்பிடுகிறார்கள் என்று கேட்பீர்கள். நடந்துதான்.

வருடத்துக்கு ஒரு முறை ஒப்பீட்டு நாள் வரும். அன்று இயக்குநர் முதலாம் அறைக்கு வந்து ஒரு தடத்தின் வரைபடத்துக்கு முன்னால் நிற்பார். கோட்டின் ஏற்ற இறக்கங்களை மனசுக்குள் வாங்கிக்கொண்டதும் கண்ணை லேசாக மூடிக்கொள்வார். அந்த நொடியிலிருந்து தாழ்வாரத்தில் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓடிவிட வேண்டும். இல்லாவிட்டால் இயக்குநரின் மனசில் இருக்கும் கோடு சிந்திவிடும். கோடு சிந்தாமல் அவர் இரண்டாம் அறைக்கு நடப்பார், அங்கே உள்ள வரைபடத்தைப் பார்ப்பார், அதையும் வாங்கிக்கொண்டு மூன்றாம் அறைக்கு நடப்பார். அவருக்கு முன்னால் ஓடிக் கதவு திறப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். நடை உதவியாளர், நிலை இரண்டு என்பது அவருடைய பதவி. நிலை ஒன்றில் இருந்தவர் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது.

மூன்றாம் அறையில் இயக்குநர் தலையை மேலும் கீழுமாக ஆட்டினால் பேருந்து ஓடும். பக்கவாட்டில் ஆட்டினால் நிற்கும். தலை ஆடும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு வருடம் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு ஆட்டவே முடியவில்லை. அந்த வருடம் எல்லாப் பேருந்துகளும் ஓடின. நகரத்து மக்கள் அதைப் பொற்காலம் என்று சொல்கிறார்கள்.

இந்த இயக்ககத்தின் இரண்டாம் மாடியில் நம்முடைய ஆள் இருந்தார். புள்ளிவிவர உதவியாளர். பணிமனைகளிலிருந்து வரும் எண்ணிக்கைகளை விரிதாளில் கட்டம் கட்டமாக அடிப்பது அவர் வேலை. பதினான்கு வருடம் அதையே செய்ததில் அவருக்குக் கட்டம் என்றே பெயராகிவிட்டது. மரியாதைக்காரர்கள் கட்டம் சார் என்பார்கள், மேலதிகாரிகள் வெறும் கட்டம் என்பார்கள். வீட்டில் மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த வருடத்து நடை முடிந்ததும், நிறுத்தப்பட வேண்டிய தடங்களின் பட்டியல் தட்டச்சுக்கு வந்தது. கட்டம் சார் ஒவ்வொரு தடமாக அடித்துக்கொண்டே போனார். ஆறாவது எண்ணை அடிக்கப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. தடம் இருபத்தேழு.

இருபத்தேழில் ஓடுவது ஒரே ஒரு பேருந்து. கட்டத்தின் வீட்டுத் தெருமுனையில் கிளம்பி, பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போகும். கட்டத்தின் மனைவிக்கு அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறே முக்காலுக்குள் உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகும் வேறு பேருந்து கிடையாது.

சாயந்திரம் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டை உதறி மறுபடியும் மடித்தாள்.

"கூட்டம் குறைஞ்சிருச்சா? ஏங்க, நான் தினமும் ஒத்தைக் கால்ல நின்னுட்டுப் போறேன். இன்னொரு கால் யாரு கால் மேல இருக்குன்னு எனக்கே தெரியறதில்ல. இதுல எங்க குறைஞ்சுது?"

"இயக்குநர் தலையை ஆட்டிட்டாரு."

"அவரு என்னைக்காவது பஸ்ல ஏறியிருக்காரா?"

"ஏறினா நடுநிலைமை கெட்டுப்போயிடும்னு ஏற மாட்டாரு."

"ரொம்ப நல்ல மனுஷன்." துண்டை ஓரமாக வைத்தாள். "நல்லாக் கேட்டுக்கங்க. இந்த பஸ்ஸை நிறுத்திட்டா எனக்கு மூணு வழிதான். ஒண்ணு, வேலையை விடணும். இல்ல, வீட்டை மாத்தணும். அதுவும் இல்லன்னா உங்களை மாத்தணும்."

கட்டம் யோசித்துப் பார்த்தார். வேலை என்றால் அவளுக்கு உயிர். வீட்டுக்காரரோ தங்கமான மனிதர், குழாய் ஒழுகுகிறது என்று சொன்ன அன்றே ஆள் அனுப்புகிறவர். மிச்சம் இருந்த வழியை நினைத்ததும் அவரே ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"எப்பலேர்ந்து நிறுத்தறாங்க?" என்றாள்.

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி."

"இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த துண்டை எடுத்தாள்.

மறுநாள் கட்டம் மூன்று அறைகளுக்கும் ஒரு நோட்டோடு போனார். சுவரில் இருந்த இருபத்தேழின் வரைபடங்களை, பதினான்கு வருடத்தில் முதல் முறையாக, அருகில் போய்ப் பார்த்தார். முதலாம் அறையின் வரைபடம் ஜனவரியில் தொடங்கியது. இரண்டாம் அறையில் ஏப்ரலில் தொடங்கியது. அந்த அதிகாரி பதவியேற்றது ஏப்ரலில் என்பதால் ஆண்டும் அப்போதுதான் பிறக்கிறது என்பது அவருடைய கொள்கை. மூன்றாம் அறையில் ஜூலை. ஏன் ஜூலை என்று விசாரித்ததற்கு, ஜூலையில்தான் சுவரில் ஆணி அடித்துக் கொடுத்தார்கள் என்று பதில் வந்தது. ஆக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சைக்கு முட்டிமோதி ஏறுகிற மாதத்தையும் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிற மாதத்தையும் இயக்குநர் நேருக்கு நேர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அளவும் அப்படித்தான். முதலாம் அறையில் வரைபடத்தின் உச்சி ஐம்பதாயிரம். மூன்றாம் அறை அதிகாரி ஓர் அம்மையார், பெரிய மனசுக்காரர். உச்சியை இரண்டு லட்சத்தில் வைத்திருந்தார். "நாளைக்கே கூட்டம் வந்துட்டா இடம் வேணாமாப்பா?" என்றார். மாதம் முப்பத்தெட்டாயிரம் பேர் பிதுங்கி வழிகிற இருபத்தேழு, அவர் சுவரில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

கட்டம் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். விரிதாளுக்கு ஒரு குணம் உண்டு. தேதிகளை வருடத்தோடு கொடுத்தால் மூன்று ஆண்டுகளையும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டுமானால், எல்லாத் தேதிகளுக்கும் ஒரே வருடத்தைப் பொய்யாகக் கொடுக்க வேண்டும். மூன்றில் ஓர் ஆண்டில் பிப்ரவரி இருபத்தொன்பது இருந்ததால், அதற்கும் இடம் இருக்கட்டும் என்று லீப் வருடமாகப் பார்த்து இரண்டாயிரத்தைக் கொடுத்தார். ஒரு மணி நேர வேலை. பொத்தானை அழுத்தியதும் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எழுந்தன. பரீட்சை மாதத்தில் மூன்றும் சேர்ந்து ஏறின, விடுமுறை மாதத்தில் மூன்றும் சேர்ந்து இறங்கின. கூட்டம் ஒரு துளி குறையவில்லை. பச்சை கொஞ்சம் உயர்ந்துகூட இருந்தது. இவ்வளவு காலம் அடித்த எண்களுக்கு ஒரு முகம் இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

தாளை அச்செடுத்துக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனார். கண்காணிப்பாளர் ஒரு பார்வை பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார்.

"வேற யாராவது இதைப் பார்த்தாங்களா?"

"இல்ல சார்."

"மூணு வருஷம், ஒரே தாள்ல, ஒண்ணு மேல ஒண்ணு." அவர் குரல் தாழ்ந்தது. "கல்யாணம் ஆன ஆள்தானே நீங்க?"

"சார், இதைப் பார்த்தாத்தான் கூட்டம் குறையலன்னு தெரியும்."

"தெரியும்ங்கிறதுதான்யா பிரச்சினை. சரி, ஒரு வருஷத்தை இன்னொரு வருஷத்தோட சேர்க்கணும்னா சம்பந்தப்பட்ட வருஷங்களோட சம்மதம் வேணும். மூணு அறையிலயும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. நான் இதைப் பார்க்கல. ஜன்னல் திரை ஏன் மூடியிருந்துதுன்னு கேட்டா, வெயில்."

முதலாம் அறை அதிகாரிக்கு முப்பத்தொரு வருட சர்வீஸ். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். மே மாதத்தில் விரல் நின்றது.

"இங்க என் வருஷத்து மேல ஒண்ணு ஏறிப் போகுது."

"அது போன வருஷம் சார். அந்த மாசம் நானூறு பேர் கூட ஏறியிருக்காங்க."

"எனக்கு ஜூனியர் அந்த வருஷம். என் தலைக்கு மேல எப்படிப் போகும்? நான் இந்த ஆபீஸ்ல சேர்ந்தப்போ ஒரு வருஷம் இன்னொரு வருஷத்துக்கு முன்னால உட்காரக்கூட உட்காராது. தொட்டுக்கட்டும், வேணாங்கல. வெட்டக் கூடாது."

இரண்டாம் அறை அதிகாரிக்கு வெட்டுவதில் ஆட்சேபணை இல்லை. நிறம்தான் பிடிக்கவில்லை. "சிவப்பா? என் வருஷம் என்ன அபாயமா? ஆரஞ்சு போடுங்க. அப்புறம், கோட்டோட தடிமன் பதவிக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும். எனக்காகச் சொல்லல. நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க."

கட்டம் பதவிக்குத் தக்கபடி தடிமன் போட்டுக் கொண்டுவந்தார். முதலாம் அறையின் நீலம் தண்ணீர்க் குழாய் அளவுக்குத் தடித்து மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. முதலாம் அறைக்கு அந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் மாட்ட ஒரு பிரதி கேட்டார். மற்ற இரண்டு அறைகளும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டன.

கடைசியில் மூன்று அறைகளும் ஒரே மேசையில் கூடின. நான்கு நாள் பேசினார்கள். நான்கில் இரண்டு நாள் ஆகஸ்ட் மாதத்துக்கே போயிற்று. ஆகஸ்டில் மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் வந்து முட்டின, அங்கே யார் யாருக்கு வழிவிடுவது என்று தெரியவில்லை. ஆகஸ்டையே எடுத்துவிடலாம் என்றார் இரண்டாம் அறை. பன்னிரண்டு மாதத்தில் ஒன்று குறைந்தால் எந்தத் தடத்துக்கும் கூட்டம் குறைவாகத் தெரியும், அது இயக்குநருக்குத் தலையாட்ட வசதிதான் என்றும் சொன்னார். கட்டம் மூலையில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். முடிவில் மூன்றாம் அறை அம்மையார்தான் வழி கண்டுபிடித்தார்.

"பெரியவங்க வீட்டுக்கு சின்னவங்க போறதில்லையா? போயிட்டு வந்துடறாங்க. அதை யாராவது வெட்டுறதுன்னு சொல்றாங்களா?"

அப்படியே தீர்மானம் நிறைவேறியது. கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் எல்லாம் சிறிய நட்சத்திரம் போட்டு, அடிக்குறிப்பில் "மரியாதை நிமித்தமான சந்திப்பு" என்று எழுத வேண்டும். எண்ணிப் பார்த்ததில் பதினேழு சந்திப்புகள் இருந்தன. தடிமன் எல்லாருக்கும் ஒன்று. முதலாம் அறைக்கு நீலம், இரண்டாம் அறைக்கு ஆரஞ்சு. "எனக்குப் பச்சையே போதும்ப்பா. எல்லாருக்கும் மேல இருந்தாச் சரி," என்றார் அம்மையார். மூன்று கையெழுத்தும் கிடைத்தபோது ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்று மத்தியானம் தணிக்கையாளர் வந்தார். மற்றவர்கள் எல்லாம் கோட்டைப் பார்த்தார்கள் என்றால், இவர் கோட்டைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. தேதிகளைப் பார்த்தார்.

"இருபத்தேழாம் தடம் தொடங்கினது ரெண்டாயிரத்து ஒன்பதுல. உங்க ஷீட்ல ரெண்டாயிரத்துலயே பதிமூணரை லட்சம் பேர் ஏறியிருக்காங்க. எதுல ஏறினாங்க?"

"சார், மூணு வருஷத்தையும் ஒண்ணா வைக்கிறதுக்காக ஒரு பேச்சுக்கு அந்த வருஷத்தைப் போட்டேன். நிஜ வருஷம் இல்ல."

"எந்தப் பேச்சுக்கு? யாரு பேசினது? பேசினதுக்குப் பதிவு இருக்கா?"

"கற்பனையா ஒரு வருஷம் சார்."

தணிக்கையாளர் பேனாவைத் திறந்தார். "கற்பனை வருஷத்துக்கு முன் அனுமதி வாங்கியிருக்கணும். சரி, போகட்டும். அந்த வருஷத்துல பஸ்ஸை ஓட்டினது யாரு?"

இதைக் கேட்டு இருபத்தேழின் பணிமனைக்குக் கடிதம் போயிற்று. பணிமனை மேலாளர் எண்ணெய்க் கறை படிந்த கையோடு எதையும் நேரே சொல்கிற மனிதர். நான்காம் நாள் பதில் எழுதியிருந்தார். கற்பனை ஆண்டில் எங்கள் ஊழியர்கள் யாரும் வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் மூத்த ஓட்டுநர் ஒருவர், எந்த ஆண்டாக இருந்தாலும் கடைசியில் தன் தலையில்தான் கட்டியிருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறார். தணிக்கையாளர் அதைப் படித்துத் திருப்தியடைந்தார். "ஆள் இருக்காரு. அது போதும்," என்று கோப்பில் முத்திரை குத்தி மூடினார்.

இனி இயக்குநர்தான் பாக்கி. எட்டு நாள் இருந்தது. கண்காணிப்பாளர் கட்டத்தைப் பின்னால் நிறுத்திக்கொண்டு தாளை இயக்குநரின் மேசையில் வைத்தார். இயக்குநர் அதைத் தொடாமல், நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"இதை வச்சு நான் எங்க நடக்கிறது?" என்றார்.

கண்காணிப்பாளர் தாளை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

"பன்னிரண்டு வருஷமா நடந்து ஒப்பிடறவன் நான். எனக்கு முன்னால இருந்தவர் முழங்கால் வலியோட நடந்தாரு. ஒப்பிடறதுன்னா அது ஒரு தவம்ப்பா. ஒரு வருஷத்தை மனசுல சுமந்துட்டு அடுத்த வருஷத்துக்குப் போகணும். போற வழியில கொஞ்சம் மறக்கும். மறந்ததை அனுபவத்தால நிரப்பணும். அந்த அனுபவத்துக்குத்தான் இந்தப் பதவி. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? உட்கார்ந்த இடத்துலயே எல்லாம் தெரியற மாதிரி போட்டு வச்சிருக்கீங்க. இப்படிப் போட்டா எனக்குத் தெரியும், சரி. இவருக்கும் தெரியும். கதவு திறக்கிறவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா அப்புறம் நான் எதுக்கு?"

கதவருகில் நின்ற நடை உதவியாளர் தாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "கூட்டம் அப்படியேதான் இருக்கு போல," என்றார். கண்காணிப்பாளர் அவரை முறைத்தார்.

"பார்த்தீங்களா?" என்றார் இயக்குநர்.

நடையை விட முடியாது, மூன்று அறைகளும் கையெழுத்துப் போட்ட தாளைத் தள்ளவும் முடியாது. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. அதே தாளில் மூன்று பிரதி எடுத்து அறைக்கு ஒன்றாக மாட்டுவது, இயக்குநர் மறுநாளே இருபத்தேழை மட்டும் இன்னொரு முறை வழக்கம்போல நடந்து ஒப்பிடுவது.

மறு ஒப்பீட்டு நாளன்று தாழ்வாரத்தில் கம்பளம் விரித்தார்கள். கட்டத்துக்கும் மூன்றாம் அறையில் ஓரமாக நிற்க அனுமதி கிடைத்தது. இயக்குநர் முதலாம் அறையில் தாளைப் பார்த்தார், கண்ணை மூடினார், நடந்தார். இரண்டாம் அறையில் அதே தாளைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. மூன்றாம் அறையில் மறுபடியும் அதே தாளைக் கண்டதும் ஆச்சரியம் தாங்க முடியாமல் கிட்டே போய் நின்றார். அப்போதுதான் கோடுகளை எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு தடம்தானே இது? இதுல மூணு பஸ்ஸா ஓடுது?"

தலை இன்னும் ஆடவில்லை. ஆகவே யாரும் பேசக் கூடாது. கண்காணிப்பாளர் தரையைப் பார்த்தார். மூன்றாம் அறை அம்மையார் மின்விசிறியைப் பார்த்தார். கட்டத்துக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வருடம் சார் அது, பஸ் இல்லை, என்று சொல்லிவிடலாம். ஆனால் தும்மினாலே கோடு சிந்துகிற இடத்தில் திருத்தம் சொன்னால் என்னவெல்லாம் கொட்டுமோ என்று பயந்து நின்றார்.

"அதுவும் எப்படி? மூணும் ஒரே நேரத்துல போகுது, ஒரே நேரத்துல வருது, ஒண்ணை ஒண்ணு இடிச்சுட்டுப் போகுது. அங்கங்க நின்னு மரியாதை நிமித்தமா சந்திச்சுக்கிட்டு வேற இருக்காங்க. பயணிங்க வேலைக்குப் போக வேணாமா? சுத்த வீண். ரெண்டை நிறுத்துங்க. மேல இருக்கிற பச்சை மட்டும் ஓடட்டும்."

தலை பக்கவாட்டில் ஆடியது. உத்தரவு ஆகிவிட்டது.

இப்போது பேசலாம். கட்டம் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். மூன்றில் இரண்டு போனால் ஒன்று. வாயை மூடிக்கொண்டார். பதினான்கு வருட வேலையில் அவர் செய்த மிகப் பெரிய சேவை அதுதான் என்பேன்.

வீட்டில் மனைவி இதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப ஒரு பஸ் ஓடும்?"

"ஓடும்."

"இப்பவும் ஒண்ணுதானே ஓடுது?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குங்க அத்தனை பேரு தினமும் குளிச்சுக் கிளம்பிப் போறீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டத்துக்கும் வந்தது. ரொம்ப நாள் கழித்து இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

ஆனால் சிரிப்பு இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பணிமனை மேலாளர் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். கண்காணிப்பாளர் கட்டத்தையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டை நிறுத்துன்னு போட்டிருக்கீங்க. இந்தத் தடத்துல ஓடுறதே ஒண்ணு. அதுவும் சிவப்பு. நான் எதை நிறுத்த?"

கண்காணிப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. மறு ஒப்பீடு ஒரு முறைதான், அதில் ஆடிய தலையைத் திருப்பி ஆட்டுவதற்கு விதி கிடையாது. அதைவிட மோசமான விதி ஒன்று இருந்தது. அவரே புத்தகத்தைப் புரட்டிப் படித்தார். "ஒரு தடத்தில் நிறுத்த உத்தரவு நிறைவேறும்வரை அத்தடத்தில் எந்தப் பேருந்தும் இயங்கலாகாது." அதாவது இரண்டு பேருந்துகளை நிறுத்தியதாக அறிக்கை வராவிட்டால் ஒன்றாம் தேதி முதல் இருக்கிற ஒன்றும் நிற்கும். ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது.

"நிறுத்தியாச்சுன்னு எழுதிடலாமே," என்றார் மேலாளர்.

"நிறுத்தின பஸ்ஸோட நம்பர், நிறுத்தின இடம், நிறுத்தின நேரம், எல்லாம் கேப்பாங்க. அந்தத் தணிக்கையாளர் கற்பனை வருஷத்துக்கே டிரைவர் கேட்டவரு."

கட்டத்துக்குத் துண்டு மடிக்கும் இரண்டு கைகள் கண்ணுக்குள் வந்து வந்து போயின. மூன்று வழிகளில் மூன்றாவது வழியும் வந்துபோனது. பயத்தில்தான் மனிதனுக்கு மூளை வேலை செய்யும் போலிருக்கிறது.

"சார், ஒரு பஸ்ஸை நிறுத்தணும்னா அது முதல்ல ஓடணும்ல?" என்றார்.

"அதுக்கு?"

"ரெண்டு பஸ்ஸை ஓட்டுவோம். ஓட்டிட்டு நிறுத்துவோம்."

கண்காணிப்பாளர் விதிமுறைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதைத் தடுக்கிற மாதிரி ஒரு வரியும் இல்லை. பணிமனை மேலாளர் எழுந்து கட்டத்தின் தோளில் ஓங்கித் தட்டினார். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது.

மாதக் கடைசி நாள் விடிந்தபோது தெருமுனையில் மூன்று பேருந்துகள் நின்றன. ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. இரண்டும் பணிமனையில் மாற்று வண்டிகளாகச் சும்மா கிடந்தவை. மூன்றாவது பழைய சிவப்புப் பேருந்துதான், உத்தரவுப்படி பச்சையாகியிருந்தது, கைப்பிடியில் பெயிண்ட் இன்னும் ஒட்டியது. ஜனங்கள் கொஞ்ச நேரம் ஏறாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஏறினார்கள். எல்லாருக்கும் உட்கார இடம் இருந்தது. ஏறியபின்னும் இடம் இருந்தது. ஒருவர் பயந்துபோய் நடத்துநரிடம், "இது ஆஸ்பத்திரிக்குத்தானே போகுது?" என்று இரண்டு தரம் கேட்டார்.

மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த விழா. இயக்குநர் நாடா வெட்டி நீலத்தை நிறுத்தினார், இன்னொரு நாடா வெட்டி ஆரஞ்சை நிறுத்தினார். ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அன்பு நண்பர்களே. ஒரே தடத்தில் மூன்று பேருந்துகள் ஓடியதை இயக்ககம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த ஒரே வாரத்தில் இரண்டை நிறுத்தியிருக்கிறோம். இன்று காலையிலிருந்து நானே கவனித்தேன். மூன்றிலும் பல இருக்கைகள் காலியாக இருந்தன. மக்களுக்கு உட்கார இடம் கிடைக்கிற அளவுக்குப் போய்விட்டது நிலைமை. இதை வளர விட்டிருந்தால் நாளை அவர்கள் காலை நீட்டிக்கொண்டும் போயிருப்பார்கள். இயக்ககம் இருக்கும்வரை அது நடக்காது என்று உறுதி கூறுகிறேன்."

மூன்று அறை அதிகாரிகளும் கைதட்டினார்கள். தணிக்கையாளர் நிறுத்தப்பட்ட பேருந்துகளின் எண்களைக் குறித்துக்கொண்டார். பணிமனை மேலாளர் சிரிப்பை அடக்க முடியாமல் டயரைச் சோதிப்பதுபோல் குனிந்துகொண்டார். இருபத்தேழு பச்சை நிறத்தில், முழு அனுமதியோடு, அடுத்த நடைக்குக் கிளம்பிப் போயிற்று.

கட்டம் வீட்டுக்கு வந்தபோது மனைவி ஏற்கெனவே வந்திருந்தாள். வழக்கமாக வந்ததும் காலை நீவிவிட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பவள், அன்று சமையலறையில் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு உக்காந்துட்டுப் போனேங்க. ஜன்னலோரம். பதினோரு வருஷமா அந்த வழியில போறேன், நடுவுல ஒரு ஏரி இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

கட்டம் டீயைக் கீழே வைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"நாளைலேர்ந்து பழையபடி ஒண்ணுதானே?" என்றாள்.

"ஒண்ணுதான்."

அவள் மறு கையின் விரல்களில் எதையோ எண்ணினாள்.

"அந்தத் தாள்ல எத்தனை வருஷம் போட்டீங்க?"

"மூணு."

"இருபத்தேழுக்கு மொத்தம் எத்தனை வருஷத்து எண்ணிக்கை வச்சிருக்கீங்க?"

"பதினஞ்சு இருக்கும்."

"பதினஞ்சையும் போடுங்க," என்றாள். "அந்த மனுஷன் எவ்வளவுதான் தலையை ஆட்டினாலும் ரெண்டு பஸ்ஸாவது தேறும்."